மரமா, பூண்டா? யாழ்ப்பாண வளவில் எதை நடுவது

புரட்டாசி பிறந்ததும் கன்று விற்கிற இடங்களில் ஆள் கூடத் தொடங்கும். மழைக்கு முன் எதையாவது வாங்கி வைக்க வேண்டும் என்று போகிறவர்களில் பலர் ஒரே தடுமாற்றத்தோடுதான் நிற்பார்கள். வளவில் ஒரு துண்டு நிலம் வெறுமையாய்க் கிடக்கிறது. அங்கே வருடம் முழுவதும் பச்சையாய் நிற்கிற மரம் ஒன்றை வைப்பதா, அடுப்படிக்கும் கைமருந்துக்கும் உதவுகிற பூண்டு வகைகளைப் போடுவதா? இரண்டும் நல்லவைதான், ஆனால் இரண்டும் உங்களிடம் கேட்பது வேறு வேறு. மரம் உங்கள் காணியை எடுத்துக்கொள்ளும். பூண்டு உங்கள் காலைப்பொழுதை எடுத்துக்கொள்ளும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கன்று வாங்கப் போனால் பிறகு வருத்தப்பட வேண்டியிராது.

பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் பாடம் தாவரங்களை மரம், செடி, பூண்டு என்று மூன்றாகப் பிரிக்கும். பூண்டு என்றால் தண்டில் வைரம் பாயாதது. நகத்தால் கீறினால் சாறு வரும், வளைத்தால் வளையும். கொத்தமல்லி, புதினா, வல்லாரை, கற்பூரவள்ளி எல்லாம் இந்த வகை. தமிழ்நாட்டுச் சமையல் குறிப்புகளில் பூண்டு என்று வருவது நம் ஊர் உள்ளி. அந்தப் பொருளில் இங்கே சொல்லவில்லை.

பூண்டுகளுக்குள்ளும் ஆயுள் வேறுபடும். கொத்தமல்லி ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, காய்த்துச் செத்துப்போகும். வல்லாரையும் புதினாவும் ஓடிப் படர்ந்து வருடக்கணக்கில் இருக்கும். இஞ்சி மேலே காய்ந்துபோனாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு கிடந்து மழைக்கு மீண்டும் தளிர்க்கும். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து குலை தள்ளுகிற வாழையும் தாவரவியலில் ஒரு பூண்டுதான். அதன் 'தண்டு' இலைமட்டைகள் ஒன்றையொன்று சுற்றி நிற்பது; உள்ளே மரம் எதுவும் கிடையாது. நம் முன்னோரும் இதைக் கவனித்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மரபியல், வைரம் உள்ளே இருப்பதை மரம் என்றும் வெளியே இருப்பதைப் புல் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல்லின் பக்கம் போய்விடும். வெட்டிய பனங்குற்றி ஒன்றைப் பார்த்தால் காரணம் விளங்கும். கறுத்த வைரம் ஓரத்தில் இருக்கும், நடு சோறாக இருக்கும்.

அடுத்தது 'என்றும் பசுமை'. இதைக் கேட்டவுடன் இலையே கொட்டாத மரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு மரம் உலகத்தில் இல்லை. மாவும் பலாவும் புன்னையும் நாளாந்தம் இலை கொட்டிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனால் பழைய இலை விழுமுன் புதிய இலை வந்துவிடுவதால் மரம் ஒருநாளும் மொட்டையாய் நிற்பதில்லை. முற்றம் கூட்டுகிற வேலை குறையும் என்று நம்பி இந்த மரங்களை வைக்க வேண்டாம். ஒரே மாதத்தில் கொட்டுவதை வருடம் முழுவதும் பங்குபோட்டுக் கொட்டும், அவ்வளவுதான். குளிர்நாடுகளில் மரங்கள் பனிக்காலத்துக்குப் பயந்து இலை உதிர்க்கின்றன. நம் பக்கத்தில் இலை உதிர்வதற்கு முக்கிய காரணம் வறட்சி. வேலிக் கிளுவையும் முள்முருக்கும் கோடையில் இலையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைச் சேமிக்கும். வேம்பு இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. மாசி, பங்குனியில் சில கிழமைக்கு மெலிந்துபோய், உடனே செந்தளிர் விட்டுப் பூக்கும். வடகத்துக்குப் பூப் பொறுக்குகிற காலம் அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'என்றும் பசுமை' என்பது இலையைப் பற்றிய சொல், 'பூண்டு' என்பது தண்டைப் பற்றிய சொல். ஆகவே இரண்டும் எதிரெதிர் வகைகள் ஆகா. கிணற்றடியில் நிற்கிற ரம்பை வருடம் முழுவதும் பச்சை. அதே நேரம் அதில் வைரமும் இல்லை. 'மூலிகை' என்பதோ மூன்றாவது வகைச் சொல். அது பயனைச் சொல்கிறதே தவிர உருவத்தைச் சொல்லவில்லை. வேம்பு பெரிய மரம், ஆடாதோடை செடி, வல்லாரை பூண்டு, மூன்றும் மூலிகை. கன்று வாங்கும்போது "மூலிகைக் கன்று" என்று மட்டும் கேட்டால் இந்த மூன்றில் எதுவும் கையில் வரலாம். பத்து வருடத்தில் அது எவ்வளவு உயரம் வரும் என்று கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர்க் கணக்கு

பெரும்பாலானவர்கள் தவறுகிற இடம் இது. மரத்துக்கு நிறையத் தண்ணீர் வேண்டும், சின்னப் பூண்டுக்குக் கொஞ்சம் போதும் என்று நினைக்கிறார்கள். கோடைக்குக் கணக்குப் போட்டால் தலைகீழாய் வரும்.

யாழ்ப்பாணத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. சித்திரையில் கொஞ்சம் பெய்யும். அதன்பிறகு வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி நடு வரை சுமார் 120 நாள் சோளகக் காற்றும் வெயிலும்தான். பத்து அடி நீளம், மூன்று அடி அகலமான ஒரு பாத்தி ஏறக்குறைய 2.8 சதுர மீற்றர். அதில் வல்லாரையோ புதினாவோ பச்சையாய் நிற்க வேண்டுமென்றால், வெயில் காலத்தில் நாளுக்குக் குறைந்தது 15 லீற்றர் ஊற்ற வேண்டும். 120 நாளுக்கு 1,800 லீற்றர். புதிதாய் நட்ட ஒரு மரக்கன்றுக்குக் கிழமையில் இரண்டு தரம், தரத்துக்கு 20 லீற்றர் போதும். அதே 17 கிழமைக்கு 680 லீற்றர். இரண்டாம் வருடம் கிழமைக்கு ஒருமுறை. மூன்றாம் வருடம் வாடினால் மட்டும். அதன்பிறகு வேம்பும் மாவும் தங்கள் தண்ணீரைத் தாங்களே தேடிக்கொள்ளும்.

அளவைவிடப் பெரியது இடைவெளி. மரக்கன்று மூன்று, நான்கு நாள் பொறுக்கும். வல்லாரைப் பாத்தி ஆடி மாதத்தில் இரண்டு நாள் காய்ந்தால் தலை சாயும், நான்காம் நாள் கருகும். ஆகவே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது: ஆடி ஆவணியில் தினமும் வீட்டில் யார் இருப்பார்கள்? பிள்ளைகள் வெளிநாட்டில், வயதான தாய் தகப்பன் மட்டும் வீட்டில் என்றால், தினம் இரண்டு வாளி தூக்க வேண்டிய பாத்தியை அவர்கள் தலையில் கட்ட வேண்டாம். ஒரு மரமும், கை எட்டுகிற இடத்தில் இரண்டு சாடியும் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்துபோகிற வீடானால் மரம் மட்டும், அதுவும் முதல் இரண்டு கோடைக்கு ஆள் ஒழுங்கு செய்தபின். வாடகை வீட்டுக்காரர் சாடியில் பூண்டு வைக்கலாம். போகும்போது கூடவே கொண்டு போகலாம்.

தண்ணீரின் தரமும் தீர்மானிக்கும். குடாநாட்டின் நன்னீர் சுண்ணாம்புப் பாறைக்குள், கீழிருக்கிற உவர்நீரின்மேல் மிதக்கிற ஒரு வில்லை. கடலோரத்திலும் தீவகத்திலும் மோட்டாரை நீண்ட நேரம் ஓடவிட்டால் உப்பு மேலே வரும். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரில் புதினா, வல்லாரை, கொத்தமல்லி மூன்றும் இலை ஓரம் கருகிப் போய்விடும். அப்படிப்பட்ட இடத்துக்குப் புன்னை, பூவரசு, வேம்பு, தென்னை பொருந்தும். பூண்டு வேண்டுமென்றால் சோற்றுக்கற்றாழை உப்பைத் தாங்கும். மற்றவற்றை மாரியில் மட்டும் போடலாம்.

வெயிலும் நிழலும்

யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9.7 பாகையில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்திலும் ஆவணி நடுவிலும் சூரியன் நேரே உச்சிக்கு மேலே வரும். மார்கழியில் தெற்கே சாய்ந்து, நண்பகலிலும் 57 பாகை உயரத்தில்தான் நிற்கும். அப்போது 20 அடி மரத்தின் நிழல் வடக்குப் பக்கமாக 13 அடி விழும். ஆனி மாதத்தில் சூரியன் சற்று வடக்கே போவதால் அதே மரத்தின் நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் 5 அடிக்குள் அடங்கிவிடும்.

கொத்தமல்லிப் பருவம் மாரிதான். அது வெயில் கேட்கிற பயிர். அதற்கான பாத்தி மரத்துக்கு வடக்கே இருந்தால் மாரி முழுக்க நிழலில் கிடந்து, தண்டு மெலிந்து, நீண்டு சாயும். ஆகவே அடர்ந்த மரத்துக்குத் தெற்கிலோ கிழக்கிலோ பாத்தியை வையுங்கள். புதினாவுக்கும் வல்லாரைக்கும் காலை வெயிலும் பின்னேர நிழலும் பிடிக்கும், எனவே மரத்தின் கிழக்குப் பக்கம் அவற்றுக்கு மிகப் பொருத்தம். வீட்டுக்கு நிழல் வேண்டும் என்றால் மரத்தை மேற்குப் பக்கம் வையுங்கள். பின்னேரம் சுவரில் அடிக்கிற வெயில்தான் இரவு வரை அறையைச் சுடவைக்கிறது. தென்மேற்கு மூலையில் நிற்கிற மரம் சோளகத்தையும் கொஞ்சம் தடுக்கும்.

முருங்கையை அந்த மூலையில் வைக்க வேண்டாம். அதன் கொப்பு இலகுவில் முறியும். மாரியில் மயிர்க்கொட்டி அடையாகப் பிடிக்கிற மரமும் அதுதான், ஆகவே பிள்ளைகள் விளையாடுகிற இடத்திலிருந்தும் யன்னலிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும்.

எவ்வளவு இடம்

ஒரு பரப்பு என்பது 2,722 சதுர அடி. முழுதாய் வளர்ந்த வேம்பின் தலை 40 அடி விரிந்தால் அது மூடுகிற இடம் சுமார் 1,250 சதுர அடி, அரைப் பரப்புக்குக் கிட்ட. வீடும் கிணறும் மலசலகூடக் குழியும் உள்ள இரண்டு பரப்புக் காணியில் இது சின்ன விடயம் இல்லை. அப்படியான வளவுக்குக் கறிவேப்பிலையும் தேசியும் போதும். கறிவேப்பிலை 12 முதல் 15 அடி வரை போகும், வெட்டி 6 அடியில் வைத்திருக்கலாம். சுவரிலிருந்து 6 அடி தள்ளினால் போதும். ஒட்டு மாங்கன்றுக்கு மரத்துக்கு மரம் 25 முதல் 30 அடி விட வேண்டும். கறுத்தக்கொழும்பான் ஒன்றாவது வேண்டும் என்று ஆசைப்படாத வீடு இங்கே குறைவு. அந்த ஆசைக்கு வீட்டுச் சுவரிலிருந்து 15 அடியாவது கொடுங்கள், இல்லாவிட்டால் பத்தாவது வருடம் கூரையை உரசுகிற கொப்புகளை வெட்டுவதே வேலையாகிவிடும்.

வேம்பு, பலா, மா எதுவானாலும் கிணற்றிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் 20 அடிக்குக் குறையக் கூடாது. ஈரத்தைத் தேடிப் போகிற வேர் கிணற்றுக் கட்டின் வெடிப்புக்குள் நுழைந்து கல்லைத் தள்ளும். அயல் வீட்டுக் கிணறு மதிலோடு ஒட்டி இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். இலை விழுகிற கிணற்றால் வருகிற மனத்தாங்கல் மரத்தோடு சேர்ந்து வளரும்.

மழைநீர் தேங்குகிற பள்ளத்தில் பலாவையும் முருங்கையையும் தேசியையும் நடக் கூடாது. வேருக்குக் காற்று இல்லாமல் சில நாளிலேயே மூச்சடைத்து இலை மஞ்சளாகும், பிறகு மரம் பட்டுப்போகும். 2008 நவம்பரில் நிஷா புயல் மழைக்கும் 2020 டிசம்பரில் புரேவி மழைக்கும் உங்கள் வளவில் எங்கே தண்ணீர் நின்றது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அந்த இடத்தை வல்லாரைக்கு விடலாம்.

மண்: சுண்ணாம்பு செய்கிற வேலை

வலிகாமத்துச் செம்பாட்டு மண் நல்ல மண். ஆனால் அதன் கீழே சுண்ணாம்புக் கல் இருக்கிறது. சில இடங்களில் ஒன்றரை அடியிலேயே அலவாங்கு கல்லில் இடிக்கும். கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. சாடியின் ஓரத்தில் படிகிற வெள்ளைப் படலம் அதுதான். இந்தக் காரத்தன்மையில் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. கறிவேப்பிலையும் தேசியும் உடனே காட்டிக்கொடுக்கும். இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். இதைப் பார்த்து யூரியா போடுகிறவர்கள் உண்டு. தழைச்சத்துக் குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியிலுள்ள பழைய இலை. நுனியில் மஞ்சள் கண்டால் இரும்பை நினையுங்கள்.

உடனடி மருந்து: ஒரு லீற்றர் தண்ணீரில் 5 கிராம் பெரஸ் சல்பேற்றுக் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளிப்பது, இரண்டு கிழமைக்கு ஒருமுறையாக மூன்று தரம். தெளித்த இலையைப் பத்து நாளாவது கறிக்குப் பறிக்க வேண்டாம். பறித்தாலும் நன்றாகக் கழுவுங்கள். நீண்டகால மருந்து மக்கிய மாட்டெருவும் இலைக்குப்பையும். அடுப்புச் சாம்பலைக் கறிவேப்பிலை அடியில் கொட்டுகிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. சாம்பலும் காரம். ஏற்கெனவே சுண்ணாம்பில் தவிக்கிற மரத்துக்கு அது இன்னும் சுமை. புளித்த மோர் ஊற்றுவதால் கெடுதல் இல்லை. ஆனால் கீழே சுண்ணாம்புப் பாறையே இருக்கும்போது ஒரு செம்பு மோரின் புளிப்பு எவ்வளவு தூரம் போகும்?

தென்மராட்சி, வடமராட்சி கிழக்குப் பக்கத்து மணல் மண்ணில் பிரச்சினை வேறு. தண்ணீர் நிற்காது, உரம் கழுவுப்பட்டுப் போகும். அங்கே பாத்திக்கு எரு இரட்டிப்பாகப் போட்டு, தண்ணீரை ஒரே தரம் ஊற்றாமல் காலையும் மாலையும் பாதி பாதியாக ஊற்ற வேண்டும்.

மரம் நடுகிற முறை

குழியை ஆவணியிலேயே வெட்டி வெயில் காயவிடுங்கள். கறிவேப்பிலைக்கும் தேசிக்கும் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி. மா, பலா என்றால் 3 அடி. மேல் ஒரு அடி மண்ணைத் தனியாகக் குவித்து வையுங்கள். சத்து அதில்தான் இருக்கிறது. கல் வந்தால் அலவாங்கால் உடைத்துக் கல்லை வெளியே எடுங்கள். பிறகு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடுத்த நாளும் தண்ணீர் நின்றால் அந்தக் குழி வேருக்குத் தொட்டியாகிவிடும். வேறு இடம் பாருங்கள், அல்லது ஒரு அடி மண் உயர்த்தி மேட்டில் நடுங்கள்.

அடியில் தேங்காய் உரிமட்டையைக் குழிவான பக்கம் மேலே பார்க்க ஒரு அடுக்கு வைத்தால் கோடையில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். கறையான் அதிகமுள்ள வளவில் இதைச் செய்ய வேண்டாம். மேல்மண்ணோடு நன்றாக மக்கிய மாட்டெரு இரண்டு கடகம் கலந்து நிரப்புங்கள். மக்காத எரு சூடு காட்டி வேரைக் கருக்கும், கறையானையும் கூப்பிடும்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பொலித்தீன் பைக்குள் நெடுநாள் நின்ற கன்று உயரமாய் இருக்கும், வேர் பைக்குள் சுருண்டு கிடக்கும். அந்தச் சுருள் மண்ணுக்குள்ளும் அவிழாது. நாலைந்து வருடம் கழித்துக் காற்றுக்கு மரம் அடியோடு சாயும்போதுதான் தெரியவரும். ஒன்றரை, இரண்டு அடிக் கன்று, அடித்தண்டு தடித்தது, பைக்கு வெளியே வேர் வராதது, அதை எடுங்கள். ஒட்டுக் கன்றானால் ஒட்டு மண்ணுக்கு மேலே அரையடியாவது தெரிய வேண்டும். புதைந்தால் ஒட்டுக்கிளை தானே வேர்விட்டுவிடும், ஒட்டு அழுகும் அபாயமும் உண்டு.

முதல் இரண்டு நல்ல மழை விழுந்தபின் ஐப்பசியில் நடுங்கள். பையைப் பக்கவாட்டில் கீறி எடுத்து, மண்கட்டி உடையாமல் இறக்கி, பையில் இருந்த மட்டமே நிலமட்டமாக வருமாறு வையுங்கள். தண்டைச் சுற்றிச் சின்ன மேடும், அதற்கு வெளியே ஒன்றரை அடி ஆரத்தில் வட்டப் பாத்தியும் கட்டினால் தண்ணீர் வேருக்குப் போகும், தண்டில் நிற்காது. மழை முடிந்த தையில் காய்ந்த இலையோ வைக்கோலோ மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள். தண்டிலிருந்து நாலு அங்குலம் தள்ளியே இருக்கட்டும். கட்டாக்காலி மாடும் ஆடும் வருகிற வளவென்றால் நட்ட அன்றே கருக்குமட்டையால் சுற்றிக் கூடு கட்டுங்கள். ஒரே கடியில் நுனி போன கன்று ஒரு வருடம் பின்னுக்குப் போய்விடும்.

கறிவேப்பிலை மூன்று அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். ஐந்தாறு கிளை விடும். இலையை உருவாமல் கொப்போடு வெட்டி எடுத்தால் வெட்டிய இடத்தில் மீண்டும் தளிர்க்கும். ஒரு நேரத்தில் மரத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம், முதல் வருடம் எதுவுமே எடுக்க வேண்டாம். தளிரில் பறவை எச்சம்போல ஒட்டிக்கொண்டிருப்பது வண்ணத்துப்பூச்சிப் புழு. சின்னக் கன்றை இரண்டு நாளில் மொட்டையாக்கும். கையால் எடுத்துவிடலாம், மருந்து தேவையில்லை. கறிவேப்பிலையை விதையில் வளர்க்க விரும்பினால் கறுத்த பழத்தைப் பிசைந்து தோலை நீக்கி, ஒரு கிழமைக்குள் ஊன்றுங்கள். காய்ந்த விதை முளைக்காது. பெரிய மரத்தடியில் வேரிலிருந்து வருகிற குட்டியைப் பெயர்த்து நடுவது இன்னும் இலகு.

பூண்டுப் பாத்தி

பாத்தி மூன்று அடிக்கு மேல் அகலமாக வேண்டாம். நடுவுக்குக் கை எட்ட வேண்டும், மிதிக்கக் கூடாது. மாரியில் நிலமட்டத்துக்கு அரையடி மேலே உயர்த்துங்கள், கோடையில் வரம்பு கட்டி இரண்டு அங்குலம் தாழ்த்துங்கள். நம் தோட்டக்காரர் செய்வதும் இதுதான். ஒரே பாத்தியை வருடம் முழுவதும் ஒரே மட்டத்தில் வைப்பதால்தான் மாரியில் அழுகலும் கோடையில் கருகலும் வருகின்றன. பத்து அடிப் பாத்திக்கு இரண்டு கடகம் மக்கிய எரு.

கொத்தமல்லியைக் கார்த்திகைக் கடுமழை தணிந்தபின், மார்கழி தையில் போடுங்கள். உருண்டை ஒன்றுக்குள் இரண்டு விதை இருக்கிறது. போத்தலால் மெல்ல உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில், வரிசைக்கு வரிசை அரையடி விட்டு விதையுங்கள். பத்து அடிப் பாத்திக்கு 25 முதல் 30 கிராம். முளைக்க இரண்டு கிழமையும் ஆகலாம், பொறுமை வேண்டும். நாற்பது நாளில் வெட்டலாம். பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்து உடனே பூத்துவிடும். சித்திரைச் சூட்டில் விதைத்தாலும் அதுதான் நடக்கும்: நாலு இலை விட்டதும் பூ.

புதினாவைச் சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே வளர்க்கலாம். நாலு அங்குலத் தண்டில் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் வைத்தால் பத்து நாளில் வேர் விடும். அதை நிலத்தில் விட வேண்டாம். பாத்தி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். பத்து அங்குலச் சாடியில் செம்மண், எரு, கழுவிய தும்புத்தூள் மூன்றும் சமபங்கு கலந்து நடுங்கள். கற்பூரவள்ளிக்கு இதற்கு நேர்மாறான மனம். ஒரு சாண் தண்டை ஊன்றினால் பிடிக்கும், மேல்மண் காய்ந்தபின்தான் தண்ணீர். தினமும் ஊற்றினால் தண்டு கறுத்து அழுகும். துளசிக்குப் பூங்கொத்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் இலை தரும். இரண்டு மூன்று வருடத்தில் அடி வைரம் பாய்ந்து வெறுமையாகும். அதற்குள் கீழே விழுந்து முளைத்த கன்று ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வல்லாரையைக் கணுவில் வேரோடு அரையடி இடைவெளியில் நட்டால் இரண்டு மாதத்தில் சம்பலுக்கு எடுக்கலாம். பச்சையாகச் சாப்பிடுகிற இலை என்பதால் ஒரு கண்டிப்பு. மலசலகூடக் குழிக்குக் கிட்ட, குளிக்கிற தண்ணீர் வழிகிற வாய்க்காலில் இதை வளர்க்க வேண்டாம். 'கிணற்றடி ஈரத்தில் தானாய் வரும்' என்பது உண்மைதான், ஆனால் அந்த ஈரத்தில் சவர்க்காரமும் கிருமியும் சேர்ந்தே வரும். பச்சை எருவும் இதற்குக் கூடாது.

இரண்டும் வேண்டும் என்றால்

பெரும்பாலான வளவில் இதுதான் சரியான விடை, வைக்கிற ஒழுங்கு தெரிந்தால். மரத்தின் தண்ணீர் உறிஞ்சும் வேர்கள் மேல் ஒன்றரை அடி மண்ணிலேயே, தலை விரிந்த எல்லையையும் தாண்டிப் பரவும். ஐந்து வருட மாமரத்தின் அடியில் போட்ட புதினாப் பாத்திக்கு ஊற்றுகிற தண்ணீரில் பெரும்பங்கு மாமரத்துக்குத்தான் போகும். அங்கே பூண்டு வேண்டுமென்றால் சாடியில் வையுங்கள், சாடியின் கீழே இரண்டு கல் வைத்து உயர்த்துங்கள். இல்லாவிட்டால் துவாரத்தால் மரவேர் உள்ளே ஏறும். தென்னையின் கீழ் வைக்கிறவர்கள் ஓலையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். வெண் ஈ பிடித்திருந்தால் அது சொரிகிற பசை கீழுள்ள இலையில் விழுந்து கரும்பூஞ்சு படரும், அந்த இலை சமையலுக்கு ஆகாது.

மரம் கொட்டுகிற இலையைக் கூட்டி எரிக்காதீர்கள். ஒரு மூலையில் குவித்து, ஈரமாக்கி, மாதம் ஒருமுறை புரட்டினால் ஐந்தாறு மாதத்தில் பாத்திக்கான எரு. சுண்ணாம்பு மண்ணின் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிப்பதும் இந்த மக்கு.

கன்றை ஐப்பசியில் வீட்டுக்கு மேற்கே நட்டு, அதற்குக் கிழக்கே ஆறு அடி தள்ளிப் பாத்தியைத் தொடங்குங்கள். முதல் இரண்டு மாரியிலும் மரம் சின்னது, பாத்தி முழுவதிலும் வெயில் விழும், எங்கும் கொத்தமல்லி போடலாம். கோடைத் தண்ணீரையும் ஒரே நேரத்தில் இரண்டுக்கும் ஊற்றலாம். மூன்றாம், நான்காம் வருடம் மரத்துப் பக்கமுள்ள ஓரத்தில் கொத்தமல்லி நீண்டு சாய்வதைக் காண்பீர்கள். அந்த ஓரத்தை வல்லாரைக்கும் ரம்பைக்கும் கொடுத்துவிட்டு, கொத்தமல்லியை மறுகரைக்கு நகர்த்துங்கள்.